பூசைக்குப் போகாத பிள்ளைகள்

1979ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரை அடுத்த பாலிபிரிட் குதிரைப்பந்தய மைதானத்தில், இரவெல்லாம் வந்து குவிந்து ஈரப் புல்லின்மேல் விடியலுக்காகக் காத்துக் கிடந்த ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு, பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் பூசை நிறைவேற்றினார். கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் இளைஞர். அவர்களைத் தாம் நேசிப்பதாகப் பாப்பரசர் பிரசங்கத்தில் சொன்னபோது எழுந்த கரகோஷமும் பாட்டும் பல நிமிஷங்கள் அடங்கவில்லை. அவருடைய ஹெலிகாப்டர் வந்து இறங்கும்வரை அப்பெருங்கூட்டத்தைப் பாட்டாலும் பேச்சாலும் களைப்புத் தெரியாமல் வைத்திருந்தவர்கள் இருவர். ஒருவர் கால்வே மேற்றிராணியார் ஏமன் கேசி. மற்றவர் டப்ளினில் பெரும் பிரபலம் பெற்றிருந்த மைக்கேல் கிளியரி என்ற குரு. கேசி ஆண்டகைக்கு அமெரிக்காவில் ஒரு மகன் உண்டு என்பது 1992இல் வெளிப்பட்டது. கிளியரி சாமியார் தம் இல்லத்துப் பணிப்பெண்ணோடு இரகசியமாகக் குடும்பம் நடத்தி வந்தார் என்பது, அவர் 1993இல் இறந்த பிறகு ஊரறிந்தது. அன்று அந்த மைதானத்தில் கைகோத்துப் பாடி நின்ற எந்த இளைஞனுக்கும் இவற்றில் ஒன்றும் தெரியாது. தம் காலத்திலேயே, தம் பிள்ளைகளின் காலத்துக்குள்ளேயே, தம் ஊர்க் கோயில்கள் வெறிச்சோடிப் போகும் என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

ஐரோப்பாவெங்கும் கிறிஸ்தவத் திருச்சபைகளை இளைஞர் விட்டு நீங்குவதும், அவர்களுட் பலர் நாத்திகத்தைத் தழுவுவதும் இன்று எல்லாரும் அறிந்த செய்தி. ஆயினும், இது ஏன் நிகழ்கிறது என்ற வினாவுக்கு விடை தேட அயர்லாந்தைப் போல் பொருத்தமான நாடு வேறில்லை என்பது என் துணிபு. ஸ்வீடனிலோ இங்கிலாந்திலோ நான்கைந்து தலைமுறைக் காலத்தில் மெல்ல மெல்ல நடந்தேறிய மாற்றம், இங்கே ஒரே மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், இருபத்தெட்டு லட்சம் மக்களுள் தமக்கு மதமில்லை என்று எழுதியவர்கள் 1,107 பேர். ஒரு சிறு கிராமத்தில் அடங்கிவிடக்கூடிய தொகை அது. 2022ஆம் ஆண்டுக் கணக்கில் அதே தொகை 7,36,210. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கு மேல் இருந்த கத்தோலிக்கர் அறுபத்தொன்பதாகக் குறைந்தனர். எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த ஆய்வொன்றில் வாரந்தோறும் பூசை கண்டவர்கள் நூற்றுக்கு 91 பேர். இன்றோ மூன்றில் ஒரு பங்கைக் காண்பதே அரிது. ஸ்டீபன் புல்லிவண்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், 16 முதல் 29 வயது வரையிலான ஐரிஷ் இளைஞருள் தம்மைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர் நூற்றுக்கு 54. மதம் ஒன்றும் இல்லை என்றவர் 39.

நாத்திகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகருக்கு மேடையும் கறுப்புச் சட்டையும் ஈரோட்டுப் பெரியாரின் குரலும் நினைவுக்கு வருவது இயல்பே. அயர்லாந்தில் அப்படி ஓர் இயக்கம் முன்னே நின்று இளைஞரை அழைத்துச் சென்றதில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கில் மதமில்லை என்றவர் நான்கு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேர் இருக்க, 'நாத்திகர்' என்று தம் கைப்பட எழுதியவர் ஏழாயிரத்துச் சொச்சம் பேரே. 'மதமில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டவர் மேற்கொண்டு ஒன்றும் எழுத வேண்டியதில்லையாதலால், கடவுளை மறுப்போரின் உண்மைத் தொகை இதனினும் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனாலும், கடவுள் இல்லை என்ற முடிவுக்கு முதலில் வந்து அதன்பின் கோயிலை விட்டவர்கள் சிலர், கோயிலை முதலில் விட்டு அதன்பின் மெல்லக் கடவுளையும் விட்டவர்கள் பலர் என்பதை இக்கணக்கு நமக்குக் குறிப்பால் உணர்த்துகிறது. இந்த முன்பின் ஒழுங்கை மனத்திற் கொள்ளாமல் எழுதப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் வழி தவறிப் போகின்றன.

அவ்வாறு வழி தவறும் விளக்கங்களுள் முதலாவது, விஞ்ஞானக் கல்வி விசுவாசத்தை அழித்துவிட்டது என்பது. கத்தோலிக்க நாடொன்றைப் பற்றி இப்படிச் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்றும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தோன்றியது என்றும் முதன்முதலில் வகுத்துச் சொன்னவர்களுள் தலையாய ஜார்ஜ் லெமெய்த்ர் பெல்ஜியத்து கத்தோலிக்கக் குரு. பரிணாமக் கொள்கையைக் கற்பிக்க ஐரிஷ் கன்னியர் மடத்துப் பள்ளிகள் தடை சொன்னதும் இல்லை. இரண்டாவது விளக்கம், செல்வம் பெருகியதால் பக்தி குறைந்தது என்பது. தொண்ணூறுகளில் அயர்லாந்து திடீரென்று செல்வச் செழிப்பு அடைந்தது உண்மை. ஆனால் 2008க்குப் பின் வங்கிகள் சரிந்து, வேலையின்றி ஆயிரமாயிரம் இளைஞர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பல் ஏறிய வறுமைக் காலத்தில் கோயில்கள் மீண்டும் நிறையவில்லையே. அக்காலத்தில்தான் திருச்சபையிலிருந்து வெளியேற்றம் வேகங்கொண்டது. செல்வம் பழைய கட்டுகளைத் தளர்த்தியிருக்கலாம், அறுத்தது அதுவன்று.

அறுந்தது என்ன என்பதை அறிய, முன்னிருந்த பிணைப்பு எத்தகையது என்று சற்று நின்று நோக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிமுதல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர்மேல் விதித்த தண்டனைச் சட்டங்களின் கீழ், நிலமும் கல்வியும் பதவியும் மறுக்கப்பட்ட அம்மக்கள், வயல்வெளிப் பாறைகளையே பீடமாகக் கொண்டு, காவலுக்கு ஆள் நிறுத்திப் பூசை கண்டார்கள். அப்பாறைகள் பல இன்றும் இருக்கின்றன. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டு, மேலும் பத்து லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடிய பிறகு, எஞ்சியவர்களின் வாழ்வை ஒழுங்குபடுத்தி எடுத்து நிறுத்தியது திருச்சபையே. டப்ளின் பேராயராயிருந்த பால் கல்லன் காலத்தில் கோயில்கள் கட்டப்பட்டன. செபமாலையும் திரு இருதயப் பக்தியும் வீடுதோறும் புகுந்தன. குருக்களும் கன்னியரும் பெருகினர். அநாதி காலந்தொட்டு வந்ததாக உலகம் கருதிய ஐரிஷ் பக்தி, அதன் முழு வடிவில், பஞ்சத்துக்குப் பின் எழுந்த ஒரு புரட்சியின் பயன் என்று எம்மெட் லார்கின் என்ற சரித்திர ஆசிரியர் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் ஆராய்ச்சியாளரால் பேசப்படுகிறது. நூறாண்டில் கட்டி எழுப்பப்பட்டது ஐம்பது ஆண்டில் சரிந்தது என்றால் அது நமக்கு வியப்பாகத் தோன்றாது.

அந்தப் பக்தியின் நற்பயனை நாமும் நுகர்ந்திருக்கிறோம் என்பதை மறப்பது நன்றியன்று. கார்க் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி தருவதற்காக நானோ நாகிள் 1775இல் தொடங்கிய காணிக்கை மாதா சபையைச் சேர்ந்த கன்னியர் 1842இல் கடல் கடந்து சென்னைக்கு வந்தார்கள். வெயிலும் காய்ச்சலும் பழகாத அப்பெண்கள் நடத்திய பள்ளிகளில் படித்து வெளிவந்த நம் பெண்கள் எத்தனை ஆயிரம்! அச்சபையின் சர்ச் பார்க் பள்ளி இன்றும் அண்ணா சாலையில் நிற்கிறது. ஒரு சிறு தீவு உலகமெல்லாம் குருக்களையும் கன்னியரையும் வாரி வழங்கியது. 1795இல் நிறுவப்பட்ட மேனூத் குருமடத்தோடு மறைமாவட்டந்தோறும் குருமடங்கள் நிறைந்திருந்த அந்நாட்டில், அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு, டப்ளின் மறைமாவட்டத்தின் கிளான்லிஃப் குருமடமும் 2000இல் நின்றது; மறைமாவட்டக் குருக்களைப் பயிற்றுவிக்க இறுதியில் ஏறக்குறைய மேனூத் ஒன்றே எஞ்சியது. இன்று ஐரிஷ் பங்குகள் பலவற்றில் பூசை வைப்பவர் இந்தியாவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ வந்த குரு.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். சுதந்திர அயர்லாந்தில் பள்ளி, மருத்துவமனை, அநாதை விடுதி, சீர்திருத்தப் பள்ளி யாவும் பெரும்பாலும் திருச்சபையின் கையிலேயே இருந்தன. அதன் அதிகாரத்தைக் கேள்வி கேட்க எவருமில்லை. அரசாங்கமும் காவற்படையும் நீதிமன்றமும் அதன்முன் தொப்பியைக் கழற்றி நின்றன. 2009 மே மாதம் வெளிவந்த ரயன் ஆணைக்குழு அறிக்கை, துறவறச் சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் பல பத்தாண்டுகளாக அடியுண்டும் பட்டினி கிடந்தும் கற்பழிக்கப்பட்டும் வளர்ந்த கொடுமையை, ஐந்து தொகுதிகளில், இரண்டாயிரத்து அறுநூறு பக்கங்களில் பதிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த மர்ஃபி அறிக்கை, குழந்தைகளைக் கெடுத்த குருக்களை டப்ளின் மறைமாவட்டம் எவ்வாறு காப்பாற்றிப் பங்கு மாற்றி அனுப்பியது என்பதை ஆராய்ந்து, அம்மறைமாவட்டத்தின் கவலையெல்லாம் இரகசியம் காப்பதிலும், ஊரறியும் இழுக்கைத் தவிர்ப்பதிலும், பேரையும் சொத்தையும் பாதுகாப்பதிலுமே இருந்ததென்று தீர்ப்பளித்தது.

மர்ஃபி அறிக்கையில் ஓரிடத்தைச் சற்று அருகிற் சென்று பார்க்க வேண்டும். சிறு வயதில் ஒரு குருவால் கெடுக்கப்பட்ட ஒருவருக்கு இழப்பீடு கொடுப்பதற்காக, அக்குருவுக்கு மறைமாவட்டப் பணத்திலிருந்து கடன் வழங்கப்பட்டிருந்தது. மறைமாவட்டப் பணம் இத்தகைய காரியத்துக்குப் பயன்படுகிறதா என்று பத்திரிகைக்காரர் வினவியபோது, பேராயராயிருந்த டெஸ்மண்ட் கானல், 'பயன்படுத்தப்படுவதில்லை' என்ற பொருள்பட நிகழ்காலத்தில் விடையளித்தார். 'பயன்படுத்தப்படவில்லை' என்று இறந்த காலத்தில் அவர் சொல்லவில்லை. ஆதலின் தாம் பொய் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் பாதிக்கப்பட்டவரிடமே விளக்கினார். கேட்போர் தவறாகப் பொருள்கொள்ள இடம் வைத்து, உண்மையின் ஒரு பகுதியை மனத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வது நீதி சாஸ்திரத்தில் அனுமதிக்கப்பட்ட முறை என்பது அவர் வாதம். நான் இந்தப் பகுதியை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லாதே என்ற கட்டளையை ஏழு வயதுப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்து, சொன்ன சிறு பொய்யை எண்ணிச் சொல்லும்படி பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட வைத்த ஒரு ஸ்தாபனம், காலம் காட்டும் வினைவிகுதி ஒன்றுக்குள் உண்மையைப் புதைத்து வைத்ததே! பதினெட்டு வயதில் இதைப் பத்திரிகையில் படித்த ஐரிஷ் பிள்ளை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பீடத்தின்முன் எந்த முகத்தோடு நிற்பான்?

அயர்லாந்து இளைஞரின் அவிசுவாசத்தைப் பலகாலம் ஆராய்ந்து 2022இல் நூலாக வெளியிட்ட ஹியூ டர்ப்பின் என்ற மானிடவியலாளர், அவர்களுட் பலருடைய மறுப்பு அறிவு வாதத்தைவிட ஒழுக்க வாதத்தையே பற்றி நிற்கிறது என்று காட்டுகிறார். ஒரு நம்பிக்கையை உரைப்போர், அதற்காகத் தாம் ஏதேனும் இழக்கக் காணும்போதே இளம் உள்ளம் அதை மெய்யென்று ஏற்கிறது என்பது ஜோசப் ஹென்ரிக் முதலிய ஆராய்ச்சியாளர் வகுத்த கருத்து. விரதமிருக்கும் தாயையும், வீட்டைத் துறந்த கன்னியையும் கண்ட பிள்ளை, சொல்லைக் கேட்டு நம்புவதில்லை. செயலைக் கண்டு நம்புகிறது. அவ்வாறாயின், போதிப்பவரே போதனையை மிதிக்கக் கண்ட பிள்ளை, அப்போதனையை வெறும் வேடமென்று தள்ளுவதும் அதே மனோதர்மத்தின் மறுபக்கமாகும். இளைஞர் ஒழுக்கம் கெட்டு, கட்டுப்பாடு வெறுத்து, சுகம் நாடிக் கோயிலை விட்டார்கள் என்று சில மேற்றிராணிமார் நெடுங்காலம் புலம்பியதைப் போல் உண்மைக்கு மாறான கூற்று வேறில்லை. நல்லது இது, தீயது இது என்று பிரித்தறியும் உணர்வு அவர்களிடம் மிகுந்திருந்தது. அந்த உணர்வை அவர்களுக்கு ஊட்டி வளர்த்ததும் பெரும்பாலும் அந்தத் திருச்சபையின் பள்ளிகளே.

எனினும், இக்கொடுமைகள் வெளிப்பட்டதால் மட்டுமே கோயில்கள் காலியாயின என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். இங்கிலாந்தில் இத்தனை பெரிய புயல் இன்றியே கோயில்கள் வெறுமையாயின. டேவிட் வோஸ், அலாஸ்டேர் கிராக்கெட் என்ற இரு ஆராய்ச்சியாளர் 2005இல் பிரிட்டிஷ் குடும்பங்களை ஆராய்ந்து, பெற்றோர் இருவரும் மதப்பற்றுடையவராயின் பிள்ளைகளுட் பாதிப்பேர் அதைத் தொடர்கின்றனர், ஒருவர் மட்டும் பற்றுடையவராயின் கால்வாசிப் பேரே தொடர்கின்றனர், இருவரும் அற்றவராயின் ஏறக்குறைய எவரும் புதிதாய்த் திரும்புவதில்லை என்று கண்டனர். தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகத் தேயும் பொருள் எதுவாயினும், யாரும் அதைத் தாக்காமலே அழிந்துபோகும். ஆகவே, மகனும் மகளும் ஏன் விட்டார்கள் என்று கேட்பதற்கு முன், தாயின் உள்ளத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

தாய் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐரிஷ் திருச்சபையின் அதிகாரத்தை ஆராய்ந்து 1987இல் நூல் எழுதிய டாம் இங்கிலிஸ், அவ்வதிகாரம் வீட்டுக்குள் நுழைந்த வாசல் தாயே என்கிறார். செபமாலையைச் சொல்லிக் கொடுத்தவளும், பிள்ளைகளைப் பூசைக்குத் துலக்கி அனுப்பியவளும், ஒரு மகனாவது குருவாக வேண்டும் என்று ஏங்கியவளும் அவளே. அந்தத் தாயின் உடம்பின்மீதே திருச்சபையின் சட்டம் மிகக் கடுமையாக விழுந்தது. கருத்தடைப் பொருள்களின் விற்பனையும் இறக்குமதியும் 1935 முதல் குற்றமாயிருந்தன. 1968இல் பாப்பரசர் ஆறாம் பால் விடுத்த நிருபம் அவற்றைப் பாவமென்று மீண்டும் உறுதி செய்தது. மீனவர் ஒருவரின் மனைவி, நான்கு குழந்தைகளின் தாய், மறுமுறை கருவுற்றால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்தும், இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த கருத்தடை மருந்தைச் சுங்க அதிகாரிகள் பறித்துக்கொண்டபோது, அவள் நீதிமன்றம் ஏறினாள். 1973இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி நான்கு என்ற அளவில் இருந்த பிறப்பு, 1990ஐ ஒட்டி இரண்டாகக் குறைந்தது. இந்த எண்ணைப் பலர் பொருளாதாரக் கணக்காகப் படிக்கின்றனர். எனக்கு அது வேறு கதை சொல்கிறது: ஞாயிறுதோறும் பெஞ்சில் அமர்ந்து குருவின் பிரசங்கத்தைத் தலை குனிந்து கேட்ட லட்சக்கணக்கான தாய்மார், வீட்டுக்குள் வந்ததும், அதற்குக் கீழ்ப்படியாமல் வாழத் துணிந்தார்கள். யாரோடும் வாதாடவில்லை, பகிரங்கமாக எதையும் மறுக்கவில்லை. பூசையை விடும் முன்னரே அந்நாட்டார் பாவசங்கீர்த்தனத்தை விட்டதன் காரணமும் இதுவே. தாம் பாவமென்று கருதாத ஒன்றைத் தொட்டிக்குள் சென்று பாவமென்று சொல்ல மனச்சாட்சி இடங்கொடாதன்றோ?

இத்தாய்மார் தம் பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பினார்கள். ஆனால் தாம் முழுதும் நம்பிய ஒன்றை நம்பியவாறே கையளிக்க அவர்களால் இயலவில்லை. இடையே ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தைப் பிள்ளைகள் கேட்டார்கள்.

1984ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், லாங்ஃபோர்டு மாவட்டத்தில் கிரானார்ட் என்னும் சிற்றூரில், பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, மழைக் குளிரில், கோயிலை அடுத்த மாதா கெபிக்குச் சென்று, அங்கே தனியே ஒரு பிள்ளையைப் பெற்றாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அவளைக் கண்டனர். சிசு இறந்துவிட்டது; அவளும் அன்றே இறந்தாள். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், கருவின் உயிர்க்குத் தாயின் உயிரோடு சம உரிமை வழங்கும் எட்டாம் திருத்தத்தை நூற்றுக்கு 66.9 வாக்குகளால் நாடு அரசியல் சாசனத்தில் சேர்த்திருந்தது. உயிரைப் பற்றி அத்தனை உரத்துப் பேசிய ஒரு தேசத்தில், தாயிடமோ கன்னியரிடமோ குருவிடமோ செல்லத் துணியாமல், கற்சுரூபத்தின் காலடியைத் தேடிச் சென்ற அப்பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்ததும், வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பெண்கள் கடிதம் எழுதலானார்கள். தாமும் அவ்வாறு மறைவில் பெற்றோம், தாமும் அவ்வாறு புதைத்தோம் என்று நாற்பது ஐம்பதாண்டுகள் நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததை முதன்முறையாகச் சொன்னார்கள். ஐரிஷ் தாயின் மௌனம் கலைந்த நாளாக நான் கருதுவது அந்நாட்களையே. முப்பத்தைந்து ஆண்டு கழியுமுன், 2018 மே மாதம், அதே திருத்தத்தை நூற்றுக்கு 66.4 வாக்குகளால் அதே நாடு நீக்கிற்று. 24 வயதுக்கு உட்பட்டவர்களுள் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் நீக்கத்துக்கு வாக்களித்ததாக, வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுத்த கணிப்புகள் கூறின. அவர்களுக்குத் தேர்தல் பிரசாரத்தைவிடத் தம் பாட்டிமார் சொன்ன கதைகளே மிகுதியாகப் பாடம் புகட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

பள்ளியில் நடந்தது இன்னொரு வகை. நாட்டின் ஆரம்பப் பள்ளிகளுள் பத்தில் ஒன்பது இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகத்தில் இருக்கின்றன. இடம் பற்றாக்குறையுள்ள ஊர்களில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கே முதலிடம் என்ற வழக்கம் 2018இல் சட்டத்தால் நிறுத்தப்படும்வரை, பூசைக்கே போகாத பெற்றோரும் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிச் சென்று, சாத்தானையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறோம் என்று வாயால் உரைத்து, சான்றிதழ் வாங்கி வந்தார்கள். புதுநன்மையும் அப்படியே. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, சின்ன மணப்பெண்ணைப் போல் வெள்ளைப் பட்டும் முக்காடும் பளபளக்கும் காலணியும் அணிந்து, ஆசிரியை கற்றுக்கொடுத்த பாட்டை மற்றப் பிள்ளைகளோடு பாடி, நாவில் அப்பம் வாங்கி, வெளியே வந்தவுடன் அத்தை மாமாக்கள் நீட்டும் உறைகளில் எவ்வளவு பணம் என்று எண்ணிப் பார்க்கிறாள். மாலையில் தோட்டத்தில் காற்றடைத்த கோட்டையில் குதிக்கிறாள். அடுத்த ஞாயிறு அந்தப் பெஞ்சில் அவளும் இல்லை, அவள் பெற்றோரும் இல்லை. அந்தக் குழந்தையை நாம் குறை கூற முடியுமா? அர்த்தமற்றதைப் பவித்திரம் போல் செய்து காட்டுவதே மதம் என்று, பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் பாடம் நடத்திவிட்டார்கள். பதினாறு வயதில் அவள் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லும்போது, அவ்வீட்டிலும் அப்பள்ளியிலும் மதத்தைப் பற்றி உண்மையாகச் சொல்லப்பட்ட முதல் வாக்கியம் அதுவாகவே இருக்கக்கூடும்.

நாத்திகம் என்ற பெயர் இதற்குப் பிறகே வருகிறது. கடவுளை மறுத்து ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் எழுதிய நூலும், 2008இல் அமைந்த அயர்லாந்து நாத்திகர் சங்கமும், ஏற்கெனவே வெளியேறி நின்றவர்களுக்கு ஒரு சொல்லாட்சியைத் தந்தன. அரசாங்கமும் தன்னையறியாமல் துணை செய்தது. தேவதூஷணத்துக்கு 25,000 யூரோ வரை அபராதம் விதிக்கும் சட்டமொன்றை 2009இல் அது இயற்றியது. ஆங்கில நடிகர் ஸ்டீபன் ஃப்ரை 2015இல் ஐரிஷ் தொலைக்காட்சியில், குழந்தைகளை வதைக்கும் நோய்களைப் படைத்த கடவுளை எப்படி வணங்குவது என்ற கருத்துப்படப் பேசியதற்காகக் காவற்படை விசாரணை நடத்திப் பின்னர் கைவிட்டது. 2018 அக்டோபரில் மக்கள் வாக்களித்து அக்குற்றத்தைச் சாசனத்திலிருந்து நீக்கினர். ஃப்ரையின் கேள்வி புதிதன்று; யோபு ஆகமத்தின் காலந்தொட்டு ஆத்திகர்களே கேட்டு வந்தது. ஆனால் ரயன் அறிக்கையைப் படித்த ஒரு நாட்டில் அக்கேள்வி தத்துவ வகுப்பில் கேட்பது போல் ஒலிக்கவில்லை. அடிபட்ட குழந்தையைக் கண்டும் காணாமல் இருந்த மேற்றிராணியாரின் முகமும், எல்லாம் வல்லவராயிருந்தும் வாளாவிருக்கும் கடவுளின் முகமும் அவ்விளைஞரின் கண்ணில் ஒன்றாகிவிட்டன. கடவுள் என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருளெல்லாம் அந்த ஸ்தாபனம் கற்பித்ததே. ஸ்தாபனம் வீழ்ந்தபோது அச்சொல்லும் உடன் வீழ்ந்தது. இவ்விரண்டும் வேறு வேறு என்று தத்துவ நூலார் சொல்லலாம்; நானும் அவ்வாறே எண்ணுகிறேன். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாதபடி நூறாண்டுகள் சேர்த்துத் தைத்தவர்கள், இப்போது அந்தப் பேதத்தை இளைஞருக்கு எடுத்துரைக்க உரிமையற்றவர்கள்.

அயர்லாந்துக்கு மட்டும் உரிய நிலைமையும் அன்று இது. அதே போல் தேசமும் திருச்சபையும் ஒன்றாய்ப் பிணைந்திருந்த போலந்தில், முறையாகக் கோயிலுக்குச் செல்லும் 18 முதல் 24 வயதினர் 1992இல் நூற்றுக்கு 69, 2021இல் 23. அதிகாரத்தோடு கைகோத்த இடமெல்லாம் இளைஞரை இழந்திருக்கிறது திருச்சபை. அதிகாரமின்றித் தொண்டு செய்யும் இடத்தில் அவர்கள் மரியாதையை அது இன்னும் இழக்கவில்லை. வீடற்ற சிறுவர்களுக்காக டப்ளினில் அரை நூற்றாண்டாக உழைத்துவரும் பீட்டர் மெக்வெரி என்ற சேசு சபைக் குருவின் பேச்சை, பூசைக்கே போகாத பிள்ளைகள் அமைதியாக அமர்ந்து கேட்கிறார்கள்.

2018 ஆகஸ்ட் 26ஆம் நாள், மற்றொரு பாப்பரசர் அயர்லாந்துக்கு வந்திருந்தார். 1979இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் திரண்ட டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரான்சிஸ் பூசை வைத்தபோது, ஐந்து லட்சம் பேரை எதிர்நோக்கி இரும்புத் தடுப்புகள் நிறுத்தப்பட்டிருந்த அப்புல்வெளியில் மழைச்சட்டையோடு வந்து நின்றவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர். அதே பிற்பகலில், பாலிபிரிட் மைதானத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள டுவாம் என்னும் ஊரில் வேறொரு கூட்டம் சேர்ந்தது. மணமாகாத தாய்மாருக்காக போன் செக்கூர் கன்னியர் 1925 முதல் 1961 வரை அங்கே ஒரு விடுதி நடத்தியிருந்தார்கள். அதில் 796 குழந்தைகள் இறந்ததற்குப் பதிவு இருந்தும், அவர்களை அடக்கம் செய்ததற்குப் பதிவில்லை என்பதைக் காதரீன் கார்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி, தம் சொந்தச் செலவில் ஒவ்வோர் இறப்புச் சான்றிதழாக வாங்கித் தனியொருவராகக் கண்டறிந்திருந்தார். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிய நிலவறைகளில் சிசுக்களின் எலும்புகள் கிடப்பதை 2017இல் அரசாங்க ஆணைக்குழுவும் உறுதி செய்தது. ஊர் மண்டபத்திலிருந்து அந்த இடம்வரை வெண்மலர் ஏந்தி, முதியோரும் குழந்தைகளைத் தோளில் சுமந்த இளம் பெற்றோரும் பேசாமல் நடந்தார்கள். பீடமில்லை, குருவின் தலைமையில்லை, செபமும் இல்லை. புல்வெளியைச் சுற்றி நின்று, இறந்த பிள்ளைகளின் பெயரையும் வயதையும் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்கள். மன்றாட்டுமாலைக்கு மறுமொழி சொல்லிப் பழகிய முதியவர்களின் உதடுகள் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் தாமாக அசைந்தன.